ஒற்றைக் கையால் திறக்கும் உறை

மகளுக்கு ஸலாம்.

இந்தக் கடிதத்தை வேலைத்தலத்தில் தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் படித்து முடிக்கப் பார்க்காதே. நீளமாகப் போகும். வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, உட்கார்ந்து படி. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு உன் வாப்பா இத்தனை பக்கம் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆங்காங்கே எழுத்து சரிந்திருந்தால் பொறுத்துக்கொள். கை முன்னைப் போல் இல்லை.

நேற்று அஸர் தொழுகை முடிந்து மாமா வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் வாசலில் நின்றபடியே சொன்னார். உனக்கு நிகாஹ் நாள் குறித்தாயிற்றாம். மாப்பிள்ளை காத்தான்குடிப் பிள்ளையாம், மலேசியாவில் வேலையாம். தெஹிவளையில் பெரியும்மா வீட்டில் நிகாஹ் முடிந்து இரண்டு மாதத்தில் நீயும் அவரோடு போகிறாயாம். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, உன் அறைக் கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தில்லையடிக்கும் தெஹிவளைக்கும் இடையில் எத்தனையோ பஸ் ஓடுகின்றன. ஏழு வருடமாக அவற்றில் ஒன்றிலாவது நீ ஏறி இந்தப் பக்கம் வரவில்லை. பெருநாளுக்கு ஃபோன் எடுக்கிறாய், ஸலாம் சொல்கிறாய், மருந்து குடிக்கிறீங்களா என்று கேட்கிறாய், வைத்துவிடுகிறாய். மருந்தைத் தவிர நமக்குக் கதைக்க எதுவும் இல்லாமல் போயிற்று. ஏன் போயிற்று என்று நம் இருவருக்கும் தெரியும். ஆனால் உனக்குத் தெரியாத சில விஷயங்களும் இருக்கின்றன. கடல் தாண்டுவதற்கு முன் அவற்றை நீ என்னிடமிருந்தே கேட்க வேண்டும்.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்தபோது உனக்குப் பதினான்கு வயது. நான் கொழும்பில் பிளாஸ்டிக் பை அடிக்கும் பட்டறையில் மெஷின் திருத்துபவனாக இருந்தவன். அங்கே கழித்துவிட்ட ஒரு பழைய சீல் மெஷினை லொறியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்து, பாலாவியில் ஒரு கொட்டில் எடுத்தேன். பஸ்ஸில் வருகிறவர்களின் முகத்தில் சீமெந்துத் தூசும் உப்புக் காற்றும் ஒட்டியிருக்கும். சந்தியில் இறங்கியதும் முகம் துடைக்க ஏதாவது தேடுவார்கள். முதலில் உலர்ந்த டிஷூவைப் பையிலடைத்து விற்றோம், பிறகு ஈர டிஷூ. அதை மடிக்கும் விதம் உனக்கு நினைவிருக்கும். ஒன்றின் பாதியை அடுத்ததின் மடிப்புக்குள் செருகி அடுக்க வேண்டும், மேலே உள்ளதை இழுத்தால் கீழே உள்ளதின் நுனி வெளியே வந்து நிற்கும்படி. நம்மிடம் வேலை செய்த மேரி அதை உனக்குப் பழக்கினார். மூன்றாம் நாளே நீ அவரைவிட வேகமாக மடித்தாய். "இவ விரலுக்கு நான் ஈடில்ல" என்று மேரி என்னிடம் வந்து சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. பிள்ளையைப் புகழ்ந்தால் கெட்டுப்போகும் என்று நினைக்கும் வாப்பாமாரில் நானும் ஒருவன்.

ஈர டிஷூவில் ஒரே ஒரு தொல்லை, காய்ந்துபோவது. உறையின் முகத்தில் ஒரு துளை வெட்டி, அதன்மேல் பசை தடவிய லேபல் ஒன்றை ஒட்டுவோம். தூக்கி, எடுத்து, திரும்ப ஒட்ட வேண்டும். நாலைந்து தடவை தூக்கினால் பசையில் மணலும் ஈரமும் ஏறிவிடும், லேபல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நம் கரைக் காற்றுக்கு அந்த இடைவெளி போதும். மறுநாள் உள்ளே உலர்ந்த துணிதான் இருக்கும். கடைக்காரர்கள் குறை சொன்னார்கள். பசையை மாற்றினேன், துளையைச் சிறிதாக்கினேன். துளை சிறிதானதும் டிஷூ கிழிந்து வந்தது. இரண்டு வருடம் அந்தத் துளையோடு மல்லுக்கட்டினேன்.

அப்போதுதான் உம்மாவுக்கு அந்த நோய் வந்தது. தேநீர் வடித்துக்கொண்டிருந்தவர் வடியோடு கீழே சரிந்துவிட்டார். நீ உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வலது கையும் வலது காலும் இல்லாதது போலத்தான். பேச்சு மெதுவாகிவிட்டது. ஆனால் மனம் ஒரு துளியும் குறையவில்லை, வாயும் குறையவில்லை. உன்னை வீட்டில் விட்டுவிட்டு நான் கொட்டிலுக்குப் போய்விடுவேன். உம்மாவின் கட்டிலருகே நம் பக்கட்டுகளில் நிறையக் கொண்டுவந்து வைத்தேன். வாய் துடைக்க, கை துடைக்க, வெளிக்குப் போனால் துடைக்க. இத்தனையும் நம் சொந்தச் சரக்கு, என் மனைவிக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது நீ ஒரு பக்கட்டை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். "வாப்பா, இதப் பாருங்க." லேபலின் ஓரம் நசுங்கி, பிளாஸ்டிக் முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளமாக இருந்தது. "எலி கடிச்சதா?" என்று கேட்டேன். "எலி இல்ல. உம்மா" என்றாய். இடது கையால் பக்கட்டைப் பிடித்தால் லேபலைத் தூக்க இன்னொரு கை இல்லை. அதனால் உம்மா பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நான் சோற்றைப் பிசைந்தபடி, "ஒன்னக் கூப்பிட்டாத் தீருமே" என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணில் நிற்கிறது. பின்னேரம் கொட்டிலுக்கு வந்து வெட்டுத் துண்டுகளை ஒரு பை நிறையப் பொறுக்கிக்கொண்டு போனாய்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதங்கள்தான் இந்த வீட்டில் கடைசியாகச் சந்தோஷமாக இருந்த மாதங்கள். சாப்பாட்டு மேசையில் கத்தரிக்கோல், அடிமட்டம், துண்டுப் பிளாஸ்டிக். இஸ்திரிப் பெட்டியால் ஓரங்களை உருக்கி ஒட்டுவாய், பிளாஸ்டிக் கருகும் மணத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம். ஒவ்வொரு மாதிரியையும் உம்மாவின் இடது கையில் கொண்டுபோய்க் கொடுப்பாய். முதலாவது, இழுக்க இழுக்கக் கட்டிலில் வழுக்கி ஓடியது. உம்மா மூச்சு வாங்கிச் சிரித்தார். "எனக்கு இருக்கிறது ஒரு கை. இந்தப் பக்கட்டுக்கு மூணு கை வேணும் புள்ள." நீ அடியில் இரண்டு பக்கமும் ஒட்டும் துண்டு ஒன்றை வைத்து, கட்டில் சட்டத்தில் அதைப் பதித்தாய். வழுக்குவது நின்றது. அடுத்ததில் ஒன்றை இழுத்தால் பத்து வந்தது. அதற்கடுத்ததில் ஒன்றுமே வரவில்லை.

வழி தெரிந்தது தலையணைக்கு உறை மாற்றும்போது. நான் பக்கத்தில்தான் நின்றேன். தலையணை வெளியே வராமல் இருக்க உறையின் வாயில் ஒரு மடிப்பு உள்ளே போகுமே, அதற்குள் விட்ட கையை நீ வெளியே எடுக்கவில்லை. அப்படியே நின்றாய். பிறகு தலையணையை என் கையில் திணித்துவிட்டு மேசைக்கு ஓடினாய். லேபலும் இல்லை, பசையும் இல்லை. உறையின் முகத்தில் இரண்டு உதடுகள், ஒன்றின்மேல் ஒன்று இரண்டு இஞ்சி அகலத்துக்கு ஏறிக் கிடந்தன. டிஷூ அந்த இரண்டுக்கும் நடுவால் வெளியே வந்தது. மெல்லிய பிளாஸ்டிக் நனைந்தால் ஒன்றோடொன்று தானாகவே ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் வழிவிடும், விட்டால் மூடிக்கொள்ளும். அடுத்த டிஷூவின் நுனியையும் கவ்விப் பிடித்துக்கொள்ளும். எந்த ஈரம் எனக்கு இரண்டு வருடம் பகையாக இருந்ததோ, அதையே நீ பூட்டாக்கிவிட்டாய்.

"நுனி காஞ்சிபோகுது உம்மா, அதுதான் பிழை" என்று நீ கவலைப்பட்டாய். "காயட்டும். காஞ்ச நுனிதான் விரலுக்குப் பிடி குடுக்குது" என்றார் உம்மா. ஒன்றை எடுத்தார். வாயைத் துடைத்தார். இன்னொன்றை எடுத்தார். தேவையே இல்லாமல் ஐந்து, ஆறு என்று எடுத்துக்கொண்டே போனார். "போதும் உம்மா, முடியப்போகுது." "முடியட்டும். நான் எடுத்து முடிச்சது எண்டு இருக்கட்டும்."

இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிய ஓரம் இரண்டு நாளில் விட்டுவிட்டது, நீர் கட்டிலில் ஒழுகியது. மெஷினில் அடித்தால்தான் நிற்கும். நீ அளவை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து என்னிடம் கேட்டாய். "வாப்பா, மெஷின்ல அம்பது அடிச்சித் தாங்க. உம்மாக்கு." அரை நாள் வேலை. அந்தக் கிழமைதான் கல்பிட்டிப் பக்கத்து ஹோட்டல் ஒன்று மாதிரி கேட்டிருந்தது. காற்றாடி கட்டிக் கடலில் ஓடும் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் இடம். காய்ந்துபோகாத ஈர டிஷூ கொடுத்தால் தொடர்ந்து எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். "ஓடர் முடியட்டும் மகள், பொறகு உம்மாக்குச் செய்வம்" என்றேன். நீ தலையாட்டினாய். மறுநாள் காலை நீ தூங்கிக்கொண்டிருக்கும்போது மேசையில் நீ புதிதாக ஒட்டி வைத்திருந்த மாதிரியை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போனேன்.

அங்கே மேனேஜர் சிலாபத்துச் சிங்களவர், தமிழும் நன்றாகக் கதைப்பார். நாலு தடவை இழுத்துப் பார்த்தார். மூடிக்கொள்வதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "நல்லா இருக்கே. இது யார்ட வேல?" என்று கேட்டார். நான், "என்டதுதான் சேர்" என்றேன்.

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. மகள் செய்தது என்று சொல்லியிருந்தாலும் ஓடர் கிடைத்திருக்கும். எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், ஏன் சொன்னேன் என்று. இரண்டு வருடம் என் கையில் மாட்டாத ஒன்றைப் பத்தொன்பது வயதுப் பிள்ளை சாப்பாட்டு மேசையில் வைத்து முடித்துவிட்டாளே என்ற காந்தல் எனக்குள் இருந்தது. மகளிடம் பொறாமைப்பட்ட வாப்பா என்று என்னை நானே எழுதுவதற்கு இத்தனை காலம் ஆயிற்று.

அவர்கள் பளபளப்பான உறை கேட்டார்கள். அதற்குத் தடித்த பிளாஸ்டிக் போட்டேன். மடிப்பு ஒரு இஞ்சி போதும் என்று குறைத்தேன். உன்னிடம் கேட்கவில்லை. மூன்று கிழமை மெஷின் வேறு எதற்கும் நிற்கவில்லை. அதற்குள் நீ இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாய், இரண்டு தடவையும் நான் "பொறகு" என்றேன். உம்மா பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். நாலாவது கிழமை திரும்பவும் அதே நோயில் விழுந்தார். புத்தளம் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து மௌத்தாகிவிட்டார்.

நாற்பதாம் நாள் ஓதி முடிந்த கிழமையே ஹோட்டல்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள், எல்லாம் காய்ந்துவிட்டதென்று. நீ கொட்டிலுக்கு வந்து ஒரு பக்கட்டை எடுத்து, மடிப்பை விரலால் அளந்தாய். "ரெண்டு இஞ்சி எண்டு எழுதித் தந்தேனே வாப்பா" என்றாய். குரல் உயரவில்லை. "உம்மாக்கும் செய்யல்ல. இதையும் சரியாச் செய்யல்ல." அவ்வளவுதான். அடுத்த மாதம் பெரியும்மா வீட்டில் தங்கிப் படிப்பதாகச் சொல்லிக் கொழும்புக்குப் போனாய். பஸ்ஸில் ஏற்றிவிட வந்தேன். ஜன்னல் பக்கம் இடமிருந்தும் நீ உள்பக்கம் உட்கார்ந்துகொண்டாய்.

அந்த மேனேஜரிடம் நான் சொன்ன பொய்யைத் தவிர, இதுவரை உனக்குத் தெரிந்த கதை. இனித் தெரியாதது.

உம்மா இரண்டாம் தடவை விழுந்த அன்று காலை நீ கடைக்குப் போயிருந்தாய். நான் புறப்படும்போது உம்மா கூப்பிட்டார். "இங்க பாருங்க, புள்ள செஞ்ச அந்தப் பக்கட்ல ஒண்டு கொட்டில்ல இருந்து கொண்டாங்க இண்டைக்கி. ஒண்டு போதும். அவள்ட்டச் சொல்ல வேணாம், நான் எடுத்துக் காட்டுறன்." உனக்கு ஆச்சரியமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பாலாவியில் இறங்கியதும் மேனேஜர் ஃபோன் எடுத்தார், கதைத்துக்கொண்டே கொட்டிலுக்குள் போனேன், மறந்துவிட்டேன். நான் வியாபாரத்துக்காக உம்மாவை ஒதுக்கினேன் என்று நீ நினைக்கிறாய். அன்று நான் ஒதுக்கக்கூட இல்லை மகள், வெறுமனே மறந்தேன். பகல் மாமா ஃபோன் எடுத்து உம்மா விழுந்ததைச் சொன்னபோதுதான் ஞாபகம் வந்தது.

இரண்டாவது, மேரி சொன்னது. நீ போன பிறகு ஒரு நாள், ஏன் உம்மா என்னைக் கூப்பிடாமல் பல்லால் கடித்துக்கொண்டு கிடந்தார், நான் முகம் சுளித்தேனா என்று மேரியிடம் புலம்பினேன். மேரி மடித்துக்கொண்டிருந்ததை வைத்துவிட்டுச் சொன்னார்: "சுளிக்கல்லயாம். ஆனா அவசரமாத் தொடைப்பீங்களாம். அவசரமாத் தொடைக்கக்குள்ள, தான் ஒரு சாமான் மாதிரி இருக்கு எண்டு, பாக்கப் போன என்னட்டச் சொல்லி அழுதா." நான் வீட்டிலிருந்த வெள்ளிக்கிழமைகளில் உம்மா எதுவும் கேட்காமல் நீ வரும்வரை ஈரத்தோடேயே கிடந்ததெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நீ அந்த உறையைச் செய்தது காய்ந்துபோவதைத் தடுக்க அல்ல. உம்மா யாரையும் கேட்காமல் இருக்க. உனக்கு அது முதலிலேயே தெரிந்திருந்தது.

அதன் பிறகு மெஷினில் அச்சை மாற்றினேன். மெல்லிய பிளாஸ்டிக், இரண்டு இஞ்சி மடிப்பு, அடியில் ஒட்டும் துண்டு. நீ எழுதிய தாளைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன், ஒரு நூல் அளவும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முதலில் அடித்ததையெல்லாம் ஆஸ்பத்திரியில் படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கொடுத்தேன். பிறகு மருந்துக் கடைகள் கேட்டன. யார் அதிகம் வாங்கினார்கள் தெரியுமா? கைக்குழந்தைக்காரிகள். பிள்ளை ஒரு கையில், மற்றக் கைதானே மிச்சம். அடுத்தது லொறி ஓட்டுபவர்கள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து ஒரு மீன்பிடிகாரர் கொட்டிலைத் தேடி வந்தார். இஞ்சின் பெல்ட்டில் மாட்டி வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. வந்தவர் ஒன்றும் வாங்கவில்லை. "ஆர் இத யோசிச்சது எண்டு கேட்டுப் போக வந்தன்" என்றார். "எல்லாத்தையும் மனிசி தான் திறந்து தாறா. இது ஒண்டுதான் நானே திறக்கிறன்."

நான் "என்ட மகள்" என்றேன். "எங்க அவ, பாக்கலாமா?" என்று கேட்டார். கொழும்பில் இருக்கிறாள் என்றேன். "வந்தாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ வரவில்லை, அதனால் எழுதிச் சொல்கிறேன்.

அந்தக் கிழமையே கல்பிட்டிக்குப் போய் அந்த மேனேஜரிடமும் சொன்னேன். அவருக்கு என்னையே மறந்துபோயிருந்தது. "அப்பிடியா, சந்தோசம்" என்றார். சொன்னதும் பாரம் இறங்கும் என்று நினைத்துப் போனேன். இறங்கவில்லை. அவரிடம் சொல்ல வேண்டியது அல்ல அது.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கல்யாணத்துக்குப் போகிற மகளுக்கு வாப்பா ஏதாவது சொல்லாமல் இருக்க முடியுமா. உன் புருஷனுக்கு ஒரு நாள் காய்ச்சல் வரும், உனக்கும் வரும். படுத்திருப்பவரிடம் பிறகு என்று சொல்லாதீர்கள், இரண்டு பேரும். துடைப்பதாக இருந்தால் மெதுவாகத் துடையுங்கள். தானே செய்ய முடியும் என்று அவர் சொன்னால், எவ்வளவு நேரம் எடுத்தாலும் விட்டுவிடுங்கள். உன் புருஷன் ஒரு நல்ல காரியம் செய்தால் அன்றைக்கே அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடு. நான் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் கெட்டுப்போனதே தவிர, ஒன்றும் சேரவில்லை. இப்போது உறை செய்வதுதான் உன் தொழில் என்று மாமா சொல்கிறார். கொம்பியூட்டரில் வரைகிறாயாம், பெரிய ஆட்கள் உன் பேச்சைக் கேட்கிறார்களாம். கேட்கத்தான் வேண்டும்.

நேற்று மாமா வெறுங்கையோடு வரவில்லை. நிகாஹ்வில் மகளைக் கையளித்துக் கொடுக்க வேண்டியவன் வாப்பா. அவன் வர முடியாவிட்டால் அந்தப் பொறுப்பை வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கலாம். மாமா பெயருக்கு அப்படி எழுதிய தாளைக் கொண்டுவந்திருந்தார். "அவ ஒங்கள வரவேணாம் எண்டு சொல்லல்ல மச்சான். வரச் சொல்லியும் சொல்லல்ல" என்றார். அவரும் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். நான் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன். தாள் மாமாவிடம் இருக்கிறது. என்னால் உன் நிகாஹ் ஒரு நிமிஷமும் தாமதிக்காது. அதற்காக நீ என்னிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் நிகாஹ் அன்று காலை முதல் பஸ்ஸில் நான் ஏறுவேன். பெரியும்மா வீட்டுத் தெருமுனையில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறதல்லவா, அங்கே உட்கார்ந்திருப்பேன். புதுச் சாரம், வெள்ளைச் சட்டை உடுத்திக்கொண்டுதான் வருவேன். நீ ஆளனுப்பினால் நடந்து வந்து, மாமாவிடமிருந்து அந்தத் தாளை வாங்கிக் கிழித்துவிட்டு, உன்னை என் வாயால் கொடுப்பேன். அனுப்பாவிட்டால், வீட்டுக்குள் ஓதுவது தெருமுனைவரை கேட்கும் என்று நினைக்கிறேன். கேட்டு முடிந்ததும் இரண்டு றக்அத் தொழுதுவிட்டுப் பின்னேர பஸ்ஸில் திரும்பிவிடுவேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். நீ எதைச் செய்தாலும் அது உன் கையால் நடக்கட்டும்.

உன் வாப்பா